கொடை மேடையிலிருந்து டிவி காமெடிக்கு: வேலையை விடலாமா?

காற்றாடி_பையன் (ராதாபுரம் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாசிக்க மட்டும் செய்கிறவன், இப்போதுதான் முதல் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 26. டிப்ளமோ முடித்துவிட்டு காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். பகலில் ஸ்பேனர், ராத்திரியில் பலகுரல். குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு ஆறு வருடம் போலீஸ் வேஷம் கட்டினேன். காணிக்கை கேட்டுக் கடைகடையாகப் போகும்போது, "லைசென்ஸ் எங்கே?" என்று டீக்கடைக்காரரை மிரட்டினால் கூட்டம் சிரிக்கும். அங்கேதான் இந்தக் கிறுக்கு பிடித்தது. இப்போது சித்திரை, ஆடி கொடைகளில் (எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா) கச்சேரிக்கு நடுவே இருபது நிமிடம் தருகிறார்கள். 4,000 ரூபாய், சில ஊரில் 5,000. பெட்ரோல் என் கையிலிருந்து.

போன மாதம் மதுரையில் ஒரு சேனலின் காமெடி ஷோவுக்குத் தேர்வு வைத்தார்கள். எழுநூறு பேர் இருப்பார்கள் போலிருந்தது. தேறிவிட்டேன். ஆனி மாதம் சென்னைக்கு வரச் சொல்கிறார்கள், மூன்று மாதம் ஆகலாமாம். பிரச்சினை என்னவென்றால் ஆனி, ஆடிதான் எங்களுக்குக் காற்று சீசன். அந்த நேரத்தில் லீவு கேட்டால் சூப்பர்வைசர் என்னை இறக்கையில் கட்டிச் சுற்றவிடுவார். ஆடிக் கொடை வருமானமும் போகும்.

வேலையை விட்டுவிட்டுப் போகலாமா? அப்பா எதுவும் சொல்லவில்லை, பேசுவதையே நிறுத்திவிட்டார். அம்மா, "டிவில வந்தா எத்தன மணிக்குல வருவ?" என்று கேட்கிறாள்.

ஜங்ஷன்_அண்ணாச்சி

வேலையை விடாதே. மீதியைப் பொறவு பேசுவோம்.

பேட்டை_ரசிகன்

அண்ணாச்சி எப்போதும் இப்படித்தான். சந்தானம் லொள்ளு சபாவிலிருந்து வந்தவர்தானே? சிவகார்த்திகேயன் கலக்கப் போவது யாருவில் ஜெயித்தவர்தானே? அவர்கள் இதே மாதிரி கணக்குப் பார்த்திருந்தால் எங்கே போயிருப்பார்கள்? தம்பி, 26 வயதில் போகாமல் 46-லா போவாய்? கிளம்பு.

குடம்_அடிப்பவர்

தம்பி, நான் வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. டிவி பற்றித் தெரியாது, சிரிப்பு பற்றிக் கொஞ்சம் தெரியும்.

வில்லுக்கு நடுவே அண்ணாவி, அதாவது பாட்டை நடத்துகிறவர், உட்கார்ந்து கதை சொல்லும்போது பக்கத்தில் ஒருவர் ஆமாம் போட வேண்டும். ஊரில் அதைச் சும்மா தலையாட்டும் வேலை என்று நினைப்பார்கள். உண்மையில் அதில்தான் எல்லாம் இருக்கிறது. அண்ணாவி "அந்த ராஜாவுக்கு ஏழு ராணி" என்கிறார். நான் "ஆமா" என்று விட்டால் கதை போகும். ஒரு மூச்சு விட்டு, "ஏழா? ரேஷன் கார்டு எத்தன வே?" என்றால் கூட்டம் சிரிக்கும். அந்த ஒரு மூச்சு குறைந்தாலும் போச்சு, கூடினாலும் போச்சு. ராத்திரி இரண்டு மணிக்குச் சாமியாட்டத்துக்காகத் தூங்காமல் இருக்கிற கூட்டம் அது. அதைச் சிரிக்க வைத்தவனுக்கு ஏசி அரங்கம் பெரிய விஷயமில்லை.

இன்னொன்று. நம் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயாவை மறந்துவிடுகிறோம். கலைவாணர்தான் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனார். கலைவாணரே ஒழுகினசேரிக்காரர், வில்லும் நாடகமும் பார்த்து வளர்ந்தவர். சுப்பு ஐயா அங்கே போய் கலைவாணருக்கும், அப்புறம் நாகேஷுக்கும் நகைச்சுவைப் பகுதிகள் எழுதினார். கூடவே வில்லையும் விடவில்லை. 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்ததும் வில்லுக்குத்தான். 2022-இல் போய்ச் சேர்ந்தார். நீ நடிக்கிறாய், சரி. உனக்கு எழுதித் தருவது யார்?

சாலிகிராமத்து_நெல்லையன்

குடம் அண்ணாச்சி சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்கள். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கும் ரொம்ப நாளாக நினைப்பு. நான் நாங்குநேரிக்காரன். ஒரு சேனலின் காமெடி ஷோவில் பதினொரு எபிசோட் வந்தவன். எந்தச் சேனல் என்று கேட்காதீர்கள், இப்போதும் நண்பர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

தம்பி, உன்னிடம் இப்போது எத்தனை நிமிடச் சரக்கு இருக்கிறது? நல்லா ஓடுகிற சரக்கைச் சொல்கிறேன். நான் போகும்போது என்னிடம் நாற்பது நிமிடம் இருந்தது. அதை வைத்து ஐந்து வருடம் கொடை ஓட்டியிருந்தேன். திசையன்விளையில் போட்டதையே அடுத்த வாரம் களக்காட்டில் போடலாம், அதற்கடுத்த வருடம் கல்லிடைக்குறிச்சியில் போடலாம். ஊருக்கு ஊர் கூட்டம் புதுசு. டிவியில் அந்த நாற்பது நிமிடம் முதல் நான்கு எபிசோடில் தீர்ந்துபோனது. ஐந்தாவது வாரம் கையில் ஒன்றும் இல்லை. ஒளிபரப்பான மறுநாளே அது யூடியூபில் துண்டு துண்டாக வந்துவிடும். அப்புறம் அதே சரக்கை ஊரில் போட்டால் முன்வரிசைச் சின்னப் பையன் எனக்கு முன்னாலேயே முடிவைச் சொல்கிறான்.

ஷூட்டிங் இருக்கிற வாரம் எப்படிப் போகும் என்றால்: இரண்டு நாள் ஷூட்டிங், அதில் நான்கு எபிசோட் எடுப்பார்கள். அதற்கு முன்னால் கன்டென்ட் டீமிடம் ஸ்கிட்டை (குட்டி நாடகத்தை) நடித்துக் காட்ட வேண்டும். நீ அடித்துப் புரண்டு நடிப்பாய், அந்த ஐந்து பேரும் போனைப் பார்த்துக்கொண்டே "லீட் நீளமா இருக்கு, கவுன்டர் பத்தல" என்பார்கள், அதாவது சிரிப்புக்கு முந்தின பேச்சு நீளம், பதிலடி குறைவு. அவர்களைக் குறை சொல்லவில்லை, அன்றைக்கு அது பதினேழாவது ஸ்கிட். சரி என்று சென்னை சாலிகிராமத்தில் அறை மொட்டைமாடியில் ராத்திரி முழுக்க மாற்றி எழுதுவோம். ஷூட்டிங் அன்று காலை ஏழு மணிக்கு மேக்கப் போட்டால் நம் முறை நள்ளிரவு தாண்டியும் வரும். அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆட்களும் காலையிலிருந்து கைதட்டிக் களைத்தவர்கள். அந்த நேரத்தில் உன்னைக் காப்பாற்றுவது கொடையில் கற்றதுதான். எட்டு நிமிடம் நடித்தால் மூன்றரை நிமிடம் வரும். எனக்கு ஒருமுறை ஒரு நிமிடம்கூட வரவில்லை. ஊரில் ஐந்து வீட்டார் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், கடைசியில் ஜட்ஜுக்குப் பின்னால் என் தோள் மட்டும் தெரிந்ததாம்.

காசு: ஒரு ஸ்கிட்டுக்கு இவ்வளவு என்று தருவார்கள், அதை மூன்று பேர் பிரிக்க வேண்டும். கைக்கு வர இரண்டு மாதம். ஐந்து பேர் தங்குகிற அறைக்கு என் பங்கு வாடகை, சாப்பாடு, கெட்டப் சாமான் எல்லாம் போக எனக்கு மிஞ்சியது கடன்.

ஆனால் வெளி நிகழ்ச்சி இருக்கிறதே, அங்கேதான் வருமானம். முகம் தெரிந்ததும் 5,000 வாங்கியவனுக்கு 25,000 கொடுத்தார்கள். கல்லூரி விழா, கடைத் திறப்பு, கொடை, தசரா. குலசைக்கு தசரா குழுக்கள் சின்னத்திரை ஆட்களைக் கூட்டிவருவது உனக்கே தெரியும். ஒன்றரை வருடம் அப்படி ஓடியது. ஷோவில் முகம் நின்றதும் 12,000-க்கு இறங்கியது. இப்போது நான் எழுதுகிற பக்கம் போய்விட்டேன். கன்டென்ட் டீமில் போனைப் பார்க்கிற அந்த ஐந்து பேரில் நானும் ஒருவன்.

பேட்டை_ரசிகன்

அண்ணே, பயமுறுத்துகிற மாதிரி இருக்கிறது. அப்போ சந்தானம் எப்படி வந்தார்? அதற்குப் பதில் சொல்லவில்லையே.

சாலிகிராமத்து_நெல்லையன்

சொல்கிறேன். லொள்ளு சபாவில் ஒரு பெரிய படையே இருந்தது. அதிலிருந்து 2004-இல் "மன்மதன்" படத்துக்குச் சிம்பு சந்தானத்தை எடுத்தார். யோகி பாபுவும் அதே லொள்ளு சபாவில் கூட்டத்தில் ஒருவராக நின்றவர்தான். அவர் பெயருக்கு முன்னால் "யோகி" சேர்ந்ததே 2009-இல் வந்த ஒரு படத்தால், அதற்கப்புறமும் பல வருடம் கழித்துத்தான் ஊருக்கே தெரிந்தார். சிவகார்த்திகேயன் ஜெயித்த மறுநாள் ஹீரோ ஆகவில்லை. தொகுப்பாளராக வருடக்கணக்கில் அதே சேனலில் நின்றார், 2012-இல்தான் கதாநாயகன். ஒரே வீட்டுத் திண்ணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தாலும் வண்டி ஒரே நேரத்தில் வருவதில்லை.

இன்னொரு விதமான பாதையும் உண்டு. ரோபோ சங்கர் உடம்பு முழுக்க வெள்ளிப் பெயின்ட் பூசிக்கொண்டு மதுரை மேடைகளில் ரோபோ மாதிரி ஆடியவர், பெயரே அதிலிருந்து வந்தது. அந்தப் பெயின்ட் மேடையில்தான் அவர் காலூன்றினார், டிவியும் சினிமாவும் அப்புறம். 2025-இல் இறந்தபோது எங்கள் ஆட்கள் பலர் அவருடைய மேடைக் கதைகளைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வடிவேல் பாலாஜி அண்ணன் 2020-இல் போனார். அவரைப் போல டைமிங் உள்ள ஆள் குறைவு. ஆனால் வடிவேலு கெட்டப் அவரை விடவே இல்லை, பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. பலகுரல்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அடுத்தவர் குரலில் உள்ளே வரலாம், உன் குரல் எது என்று மூன்றாவது மாதம் கேட்பார்கள்.

மகேந்திரகிரி_அடிவாரம்

குரல் என்றதும் பணகுடிக்காரன் நான் பேசாமல் இருக்க முடியாது. எங்கள் நெல்லை சிவா அண்ணாச்சி! "கெணத்தக் காணோம்" காமெடியில் புகாரை வாங்குகிற இன்ஸ்பெக்டர். வடிவேலு குதிக்கிறார், கத்துகிறார், சிவா அண்ணாச்சி முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. கடமையோடு, நம் ஊர்ப் பேச்சில், நிஜமாகவே கிணற்றைத் தேடுகிற போலீஸ்காரர் மாதிரி நிற்பார். அதனால்தான் அது இத்தனை வருடம் ஓடுகிறது. 2021 மே மாதம் பணகுடி வீட்டில்தான் காலமானார். கடைசிக் காலத்தில் டிவி சீரியலிலும் வந்துகொண்டிருந்தார். எண்பதுகளில் சினிமாவுக்குப் போனவர், கடைசிவரை சின்னச் சின்ன வேடம்தான். ஆனால் அந்தப் பேச்சை மாற்றிக்கொள்ளவே இல்லை.

பாளை_தமிழ்வாத்தியார்

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. டிவியில் நெல்லைத் தமிழ் என்றால் வாக்கியத்துக்கு ஒரு "ஏலே", முடிவில் ஒரு "ல". அவ்வளவுதான். போன வாரம் ஒரு நிகழ்ச்சியில் மகன் அப்பாவைப் பார்த்து "ஏலே" என்கிறான். நம் பக்கம் எந்த வீட்டில் அப்படிக் கூப்பிட்டுவிட்டு ராத்திரிச் சோறு கிடைக்கும்? அதே பேச்சு அம்பாசமுத்திரம் ஆற்றங்கரையில் ஒரு மாதிரி, உவரி கடற்கரையில் ஒரு மாதிரி, மேலப்பாளையத்தில் இன்னொரு மாதிரி. தம்பி எந்த ஊர்ப் பேச்சோடு பிறந்தாரோ அதைக் கொண்டுபோகட்டும். "இன்னும் கொஞ்சம் ஏலே போடுங்க" என்று கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள்.

சாலிகிராமத்து_நெல்லையன்

கேட்பார்கள் சார். நானே கேட்டிருக்கிறேன். மன்னிக்கணும்.

ஜங்ஷன்_அண்ணாச்சி

இமான் அண்ணாச்சியும் டிவியில் நம் பேச்சை வைத்துத்தானே வந்தார். குட்டிச் சுட்டீஸ் நிகழ்ச்சியில் சின்னப் பிள்ளைகளிடம் அவர் வாயைக் கொடுத்துத் தோற்கிறதைப் பார்க்கவே எங்கள் கடையில் ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் நிற்கும். அங்கே பேச்சு இயல்பாக இருந்தது, ஏனென்றால் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

டிவி என்றதும் ஞாபகம் வருகிறது. எண்பதுகளில் எங்கள் சொந்தக்காரர் வீடு கூடங்குளத்துப் பக்கம். மெட்ராஸ் தூர்தர்ஷன் எட்டாது. தென்னைமரம் உயரத்துக்குக் கம்பம் நட்டு ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாஹினி பார்ப்போம். சிங்கள நாடகம், ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் சிரிப்போம். ஒருவன் வழுக்கி விழுந்தால் எந்த மொழியிலும் விழுந்ததுதானே. காற்று அடித்தால் ஒருவன் மாடியில் ஏறிக் கம்பத்தைத் திருப்ப, கீழே இருந்து "வந்துட்டு, வந்துட்டு, போச்சு!" என்று…

இழைக்_காவலர்

அண்ணாச்சி, ஆன்டெனாவுக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே தம்பியின் கேள்வி அப்படியே நிற்கிறது.

அம்பை_அக்கா

நான் சீரியலில் நடிக்கிறவள், அதனால் மற்றப் பக்கத்தைச் சொல்கிறேன். வில்லி வீட்டுக்கு வந்து வம்பு பேசிவிட்டுக் காபி குடித்துப் போகிற அத்தை, கல்யாண மண்டபத்தில் பந்தியை விட்டு எழாத சித்தி. இதுதான் எனக்குக் கொடுக்கிற காமெடி. கால்ஷீட் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது. வசனம் மனப்பாடம் செய்ய வேண்டாம், கேமராவுக்குப் பின்னாலிருந்து உதவி இயக்குநர் சத்தமாகச் சொல்லச் சொல்ல நாம் பேச வேண்டும். ஒரு காதில் அவர் குரல், மற்றக் காதில் எதிரே நடிக்கிறவர் குரல், இதற்கு நடுவில் டைமிங். குடம் அண்ணாச்சி சொன்ன அந்த ஒரு மூச்சை இங்கே எடுக்கவே முடியாது, அடுத்த வரி வந்துவிடும். சேலை, நகை நம்முடையது. கதை திரும்பினால் "அத்தை மும்பைக்குப் போய்விட்டாள்" என்று ஒரு வரியில் நம் பிழைப்பு முடியும்.

ஆனாலும் தம்பி, காமெடி ஷோவை விட சீரியல் நிலையானது. நாள் கணக்குக்குச் சம்பளம், மாதத்தில் எட்டு நாள் வந்தால் வாடகை தைரியமாகக் கொடுக்கலாம். சின்னத்திரையில் முகம் காட்டுவதும் வீண் போகாது. எம்.எஸ். பாஸ்கர் சாரை ஜனங்கள் சின்ன பாப்பா பெரிய பாப்பாவில் பட்டாபியாகத்தான் முதலில் கொண்டாடினார்கள். 2025-இல் தேசிய விருது அறிவித்தார்களே, அதுவரை எத்தனை வருடம் என்று எண்ணிப் பாருங்கள். டெல்லி கணேஷ் சார் நம் வல்லநாட்டுக்காரர். விமானப் படையில் இருந்தவர், டெல்லியில் நாடகம் போட்டுப் பழகி, அப்புறம் காத்தாடி ராமமூர்த்தி குழு, சினிமா, சீரியல் எல்லாம். அவருக்கும் முதலில் ஒரு சம்பளம் இருந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன், தம்பிக்கு வேண்டாம் என்றாலும். காமெடி ஷோக்களில் பெண் வேடம் என்றால் ஆண் சேலை கட்டி வந்துவிடுகிறார். நான் மூன்று முறை தேர்வுக்குப் போனேன். மூன்று முறையும் "நீங்க மனைவியா உக்காருங்கக்கா, அவர் பேசுவார்" என்றார்கள்.

காற்றாடி_பையன்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி என் சரக்கை போனில் பதிவு செய்து அளந்து பார்த்தேன். சினிமாக்காரர் குரல் எல்லாம் தள்ளிவிட்டால் என்னுடையது என்று மிஞ்சுவது ஒன்பது நிமிடம். அதில் நாலு நிமிடம் போலீஸ் வேஷம்.

இரண்டு கேள்வி. ஒப்பந்தம் என்று ஆங்கிலத்தில் பதினாலு பக்கம் அனுப்பியிருக்கிறார்கள், அதில் எதைப் பார்க்க வேண்டும்? இன்னொன்று, சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்து, 30,000 கட்டினால் முதல் எபிசோடிலேயே உறுதியாக இடம் வாங்கித் தருகிறேன் என்கிறார். உண்மையாக இருக்குமா?

ஜங்ஷன்_அண்ணாச்சி

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். அந்த நம்பரைப் பிளாக் செய்.

சாலிகிராமத்து_நெல்லையன்

ஆமாம். தேர்வுக்கோ இடத்துக்கோ காசு கேட்கிற எவனும் சேனல் ஆள் இல்லை. நீ ஏற்கெனவே தேறியவன், உன் நம்பர் எங்கிருந்தோ கசிந்திருக்கிறது. சேனல் ஆளுக்கே போன் செய்து சொல்லிவிடு.

ஒப்பந்தத்தில் மூன்று இடம் பார். ஒன்று, வேறு சேனலுக்குப் போகக் கூடாது என்று எத்தனை மாதம் கட்டுகிறார்கள், ஷோவிலிருந்து வெளியேறினாலும் அது தொடருமா. இரண்டு, வெளி நிகழ்ச்சி. கொடைக்குப் போக அவர்களிடம் கேட்க வேண்டுமா, பங்கு தர வேண்டுமா. நம் ஆட்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். மூன்று, ஸ்கிட் யாருக்குச் சொந்தம். பெரும்பாலும் அவர்களுக்குத்தான். நீயே உன் யூடியூபில் போட்டாலும் உரிமைப் புகார் வரும். அதனால் அந்தப் போலீஸ் வேஷம் நாலு நிமிடத்தை முதல் வாரமே கொடுத்துவிடாதே. வக்கீல் ஒருவரிடம் காட்டு, பாளையில் ஆளா இல்லை? தேதிக்கு முன்னால் கையெழுத்துப் போடச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். இரண்டு நாள் வேண்டும் என்று கேட்டால் தருவார்கள்.

வேலையை இப்போது விட வேண்டாம். ஷூட்டிங் மொத்தமும் இரண்டு இரண்டு நாளாகத்தான் வரும், இடையில் பத்து, பதினைந்து நாள் சும்மா. வெள்ளி ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துத் திங்கள் காலை திரும்புகிற பையன்கள் இருக்கிறார்கள். தேதியை முன்கூட்டிக் கேள், வாயைத் திறக்காதவனுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.

பேட்டை_ரசிகன்

சரி, நான் சொன்னதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். கிளம்பு, ஆனால் ரிட்டன் டிக்கெட்டோடு கிளம்பு.

காற்றாடி_பையன் (ஏழு வாரம் கழித்து)

எல்லாரும் திட்டுவதற்குள் வந்துவிட்டேன். வேலையை விடவில்லை. கூட வேலை பார்க்கிற பையனுடைய நைட் ஷிப்ட் ஆறு நான் பார்த்தேன், பதிலுக்கு அவன் என் நாலு பகல் பார்த்தான். மீதிக்குச் சம்பளம் பிடித்துக்கொண்டார்கள். சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொன்னேன். "டிவில நம்ம கம்பெனி பேரச் சொல்லிராத" என்றார், அவ்வளவுதான்.

இரண்டு ஷெட்யூல் முடிந்திருக்கிறது. முதல் தடவை ஹீரோக்கள் குரல் போட்டேன், கன்டென்ட் டீமில் கொட்டாவி. அங்கேயே மாற்றி, காற்றாலை உச்சியில் நிற்கிறவனுக்கு வீட்டிலிருந்து போன் வருகிற மாதிரி செய்தேன். எண்பது மீட்டர் உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறான், கீழே அம்மா "வரும்போது அரைக் கிலோ சீனி வாங்கிட்டு வா" என்கிறாள். "இன்னும் ஏலே சேருங்க" என்று நிஜமாகவே கேட்டார்கள், சார். அம்மாவிடம் ஏலே சொன்னால் அடி விழும் என்றேன். அதற்குத்தான் அங்கே எல்லாரும் சிரித்தார்கள், ஸ்கிட்டுக்கு இல்லை. அதையும் உள்ளே சேர்த்துவிட்டேன்.

ஷூட்டிங்கில் என் முறை ராத்திரி ஒன்றேகால் மணிக்கு. கூட்டம் கொடை முடிகிற நேரத்துக் கூட்டம் மாதிரியே இருந்தது. சீனிக்கு முன்னால் ஒரு மூச்சு விட்டேன், குடம் அண்ணாச்சி.

அடுத்த சுற்றுக்கு எடுத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வெளி நிகழ்ச்சிக்குப் பங்கு என்று இருந்ததை வக்கீல் கேட்கச் சொன்னார். கேட்டேன், கோயில் நிகழ்ச்சிக்கு மட்டும் விலக்கு எழுதித் தந்தார்கள். இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது ஐந்து நிமிடம். நெல்லையன் அண்ணே, கூட உட்கார்ந்து எழுத ஆள் இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

எபிசோட் இன்னும் வரவில்லை. அம்மா தினமும் ஏழு மணிக்கு டிவியைப் போட்டுவிடுகிறாள். அப்பா செய்தி பார்க்கிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

குடம்_அடிப்பவர்

தம்பி, ஆவணிக் கடைசி வெள்ளி எங்கள் ஊர்க் கொடை. வில்லுக்கும் கணியான் கூத்துக்கும் நடுவே இருபது நிமிடம் இருக்கிறது. 4,000-தான் தர முடியும். சீனியை எடுத்துவராதே, புதுசாக ஏதாவது கொண்டா.